மூக்கு மேடமும் பதினோராம் கூண்டும்

மூக்கு மேடத்துக்கு ஈடான மூக்கு இந்தப் பூமியில் இன்னொன்று உண்டென்றால் அது நாய்க்குத்தான் இருக்க வேண்டும். நாய் விஷயத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

மாதாப்பூரில் வாரத்துக்கொரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் முடித்த நான், செகந்திராபாத்தை அடுத்த தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மனிதர்களுக்கான மருந்தை முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்க்கும் இடம் அது. எலிகளைப் பார்த்துக்கொள்ள மருத்துவர் வேண்டுமே. பயிற்சிக்கு ஆறு பேர் வந்தோம், வேலை ஒருவருக்குத்தான். கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்துவிடுவதாக மாதாப்பூர் அத்தான் மிரட்டியிருந்தார். எனக்கோ கம்ப்யூட்டரை எங்கே ஆன் செய்வதென்றே தெரியாது.

மூக்கு மேடம் எங்கள் பயிற்சித் தலைவி, பரம்பரை செகந்திராபாத் தமிழர், பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவரும். தினமும் காலையில் எலிக்கூட வாசலில் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி மோந்து பார்ப்பார். சென்ட், பவுடர், தேங்காயெண்ணெய் எதுவும் ஆகாது. எலி வாசனையால் வாழ்கிற பிராணி, புது வாசனை வந்தால் பயப்படும், பயந்த எலி தரும் கணக்கெல்லாம் பொய் என்பார். ஒருநாள் என் சட்டையருகே மூக்கைக் கொண்டுவந்து, "நேத்து ராத்திரி பிரியாணி. மட்டன். இன்னைக்கு உனக்கு உள்ள நக்கோ பா, வராத," என்றார். நான் இரண்டு முறை குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவரை இயக்குநரே அழைத்து வந்தபோதும் அதே சோதனைதான். மணக்க மணக்க வந்த அந்தப் பெரிய மனிதர், கால் மணி நேரம் கழித்து ஈரத் தலையோடு, எங்கள் நீல அங்கியில், நல்ல பிள்ளையாக வரிசையில் நின்றார். இயக்குநர் தானாகவே குளிக்கப் போய்விட்டார்.

ஐந்தாவது மாதம் என் தலையில் இடி விழுந்தது. சர்க்கரை நோய் மருந்துக்காக நாற்பது சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அதில் பதினோராம் கூண்டு எலிக்குக் கண் வீங்கியிருந்தது. நோய் கண்டால் மேடத்திடம் சொல்ல வேண்டும், நாமாக எந்த மருந்தும் போடக் கூடாது என்பது முதல் நாள் பாடம். மேடம் மீட்டிங்கில் இருந்தார். ஐந்து வருடம் வைத்தியம் படித்த கை சும்மா இருக்குமா? பையிலிருந்த கண் களிம்பைத் தடவிவிட்டேன். தடவிய பிறகுதான் உறைத்தது. வேலை கிடைக்காமல் போய்விடுமே என்ற பயத்தில் பதிவேட்டில் எழுதவில்லை.

மதியம் மேடம் வந்தார். பத்துக் கூண்டுகளைத் தாண்டிப் பதினோராவதில் நின்றார். மாஸ்க்குக்குள் அவர் மூக்கு விடைத்ததாகவே எனக்குத் தோன்றியது.

"யாரு பா இதுக்கு மருந்து போட்டது?"

என்ன மருந்து, எந்தெந்தக் கூண்டில் என்று தெரிந்தால் அந்த எலியை மட்டும் கழித்துவிடலாம், தெரியாவிட்டால் நாற்பதும் வீண், அத்தனை உயிரும் பாடுபட்டதற்கு அர்த்தமே இல்லை என்றார். குரலை உயர்த்தவேயில்லை. அந்த நாற்பது ஜோடிக் கண்களும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. "நான்தானுங்க மேடம்" என்றேன்.

என் கையாலேயே பதிவேட்டில் எழுத வைத்தார். அன்று மாலையே அத்தானுக்குப் போன் செய்து, கோர்ஸ் எப்போது தொடங்குகிறது என்று கேட்டுவிட்டேன்.

பயிற்சியின் கடைசி நாள் மேடம் வேலைக்கு என் பெயரைப் படித்தார். தவறுதலாகப் படித்துவிட்டார் என்றே நினைத்தேன். தனியாகப் போய்க் கேட்டேன்.

"தப்பு எல்லாரும் பண்ணுவாங்க பா. அதை ஒத்துக்கிட்டு தன் கையால எழுதுறவன்தான் எனக்கு வேணும்," என்றார்.

அத்தோடு விட்டேனா? களிம்பு வாசனையை அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கைக்கு பா, ஏன் இப்படி இருக்க? உள்ள எல்லாரும் மாஸ்க் கட்டிட்டுதானே நிக்கிறோம்? வாசனை எங்கிருந்து வரும்? எலி இமையில களிம்பு பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு. மத்த அஞ்சு பேரும் கூண்ட பாத்தாங்க. நீ ஒருத்தன் என் மூக்கயே பாத்துட்டு நின்ன."

மேடம் ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகிவிட்டன. இப்போது காபி வாசனைகூட அவருக்குத் தெரிவதில்லையாம், அவர் கணவர் சொன்னார். இருந்தாலும் மேடத்தின் தார்நாகா வீட்டுக்குப் போகும் நாளில் நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. வாசலில் நிற்பேன். அவர் மெல்ல வந்து, மோந்து பார்த்து, "ஹவ், சரி, உள்ள வா பா" என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன்.