பதிவு அக்காவின் நாவலுக்கு அனுமதி வழங்கப்பட்ட விதம்

எங்களுடையது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். ஒருவர் பிறந்தார் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அவர் பிறந்ததாக அர்த்தம். செத்தாலும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எங்கள் பிரிவில் வராது. அந்த நடுவில் உள்ள சங்கதியை எழுதப் போய்த்தான் பதிவு அக்கா மாட்டிக்கொண்டார்.

பதிவு அக்கா இறப்புப் பிரிவில் மூத்த உதவியாளர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவரைவிட வயதில் பெரியவர்களுக்கும் அவர் அக்காதான். நான் தபால் பிரிவு, பக்கத்து மேஜை. அக்கா மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைப் பத்து நிமிஷத்தில் காலி செய்துவிட்டு, தப்பாக அச்சாகி வந்த இறப்புப் படிவங்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் முதுகில் எழுதுவார். மணி இரண்டானதும் பாதி வாக்கியமாக இருந்தாலும் பேனாவை மூடிவிடுவார். நான்கு வருஷம் இப்படியே நடந்தது.

"என்னக்கா எழுதறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு தையல்காரி கதைப்பா. அவளோட அக்கா ஒருநாள் வீட்டை விட்டுப் போயிடறா. எங்கேன்னு தெரியாது. இவ வருஷத்துக்கு ஒரு சட்டை அக்காவுக்குன்னு தைச்சு வைக்கிறா. இப்ப இளைச்சிருப்பாளா, பருத்திருப்பாளான்னு யோசிச்சு யோசிச்சு அளவை மாத்தறா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தைச்சுக்கிட்டே இருக்கா."

நாவல் முடிந்ததும் நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். மூன்று பேர் பதில் போடவில்லை. நான்காமவர், 'தங்கள் படைப்பு எங்கள் கவனத்தில் உள்ளது' என்று எழுதினார். ஒரு வருஷம் கழித்து விசாரித்தபோதும் அது அவர்கள் கவனத்திலேயே இருந்தது.

அக்காவின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். அதிகம் பேசாதவர். அவர்தான் சொன்னார்: "ஏம்மா அவங்க வாசல்ல போய் நிக்கணும்? நாமளே போட்டுக்கலாம்."

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே ஓர் ஆலோசகர் இருந்தார். சொந்தமாகப் போட ஏன் இன்னொருத்தர் வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. அவர் கையெழுத்துப் பிரதியைத் தொடாமலே பேசினார்.

"மேடம், புத்தகம் இருக்கட்டும். எழுத்தாளர் தயாரா?"

"நான்தாங்க எழுதினேன்."

"அது தெரியுது. உங்க எழுத்து முறை என்ன? வாசகர்கள் இப்ப அதைத்தான் கேக்கறாங்க."

"சாப்பாட்டு நேரத்துல, வீணாப்போன இறப்புப் படிவத்துக்குப் பின்னால எழுதினேன்."

ஆலோசகர் முகம் சுளித்தார். "அதை வெளிய சொல்லாதீங்க. விடியற்காலை எழுந்து, ஜன்னலோரம் உக்காந்து, தட்டச்சு இயந்திரத்துல எழுதறீங்க. மேஜையில ஒரு பூனை."

"எனக்குப் பூனைன்னா தும்மல் வரும்."

"பூனையை நாங்க கொண்டு வரோம்."

படம் எடுத்தார்கள். அக்கா மோவாயில் கையை வைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தும்மல் வருவதற்கு முந்தின கணத்தில் அவர் முகத்தில் ஆழ்ந்த சிந்தனை தெரிந்ததால் அந்தப் படத்தையே பின்னட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் கண்காணிப்பாளர் அக்காவைக் கூப்பிட்டார். பணியாளர் எவரும் முன் அனுமதி பெறாமல் நூல் வெளியிடலாகாது என்று விதி இருக்கிறதாம். அக்கா விண்ணப்பித்தார். நூலை இணைத்து அனுப்பவும் என்று பதில் வந்தது.

"சார், அச்சடிச்சாத்தான் நூல்."

"அச்சடிச்சா அது முன் அனுமதி இல்ல, பின் நடவடிக்கை. பிரதியை மூணு செட் கொடும்மா, அசலோட சரிபார்த்துச் சான்றொப்பம் வாங்கிட்டு."

"நான் எழுதினதுதான் சார் அசல்."

"கற்பனைன்னு விண்ணப்பத்துல போட்டிருக்கியே. அப்ப கற்பனைதான் அசல், இது நகல். எந்த அதிகாரி அசலைப் பாக்காம கையெழுத்துப் போடுவாரு?"

இரண்டு வாரம் கழித்து, அசல் விண்ணப்பதாரரின் தலையில் உள்ளது என்று அக்கா உறுதிமொழி எழுதிக் கொடுத்ததன் பேரில் சான்றொப்பம் கிடைத்தது. சட்டப் பிரிவு அடுத்த கேள்வியை எழுப்பியது. கதையில் வரும் பதினான்கு பேரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கினீர்களா? அப்படி யாரும் இல்லை என்றார் அக்கா. இல்லை என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். 'பதிவேட்டில் இல்லை' என்ற சான்றைக் கொடுப்பது எங்கள் அலுவலகம்தான், எழுதுவது அக்காதான். ஆனால் சொந்தக் கதாபாத்திரத்துக்குத் தானே சான்று கொடுக்கக் கூடாது என்பதால் பக்கத்துப் பிரிவுக்காரர் பதிவேடுகளைப் புரட்டினார். தையல்காரியின் பெயரில் பதினோரு பேர் உயிரோடு இருந்தார்கள். ஓடிப்போன அக்காவின் பெயரில் முப்பது பேர். நாவலில் நாற்பதாம் பக்கத்தில் இறந்துபோகும் அப்பாவின் பெயரில் இருந்தவரோ, இறக்காமல், மறுநாளே எங்கள் கவுன்ட்டருக்கு வந்து பேரனின் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்.

"பேரையெல்லாம் எடுத்துடும்மா, பிரச்சினை தீர்ந்தது" என்றார் கண்காணிப்பாளர். அக்கா எல்லாப் பெயரையும் எடுத்தார். தையல்காரி வெறும் தையல்காரி ஆனாள். அவளுடைய அக்கா வெறும் அக்கா.

ஆறு மாதத்தில் தலைமைப் பதிவாளரின் அனுமதி வந்தது. அதோடு அவர் எழுதிய முன்னுரையும் வந்தது. கேட்காமல் வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்காது. பதிவுத் துறையின் வளர்ச்சி பற்றி இருபத்தெட்டுப் பக்கம். கடைசிப் பத்தியில், 'இந்நூலாசிரியையும் எழுதியுள்ளார்' என்று குறிப்பிட்டிருந்தார்.

வெளியீட்டு விழா அலுவலகக் கூட்ட அறையில் நடந்தது. ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் முன்னுரையைப் பற்றிப் பேசினார்கள். அக்காவுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர் மட்டும், அக்காவின் பெயரைச் சொன்னபோது, இரண்டு தடவை கை தட்டினார். தனியாகக் கேட்டதால் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் தலைமைப் பதிவாளருக்கு வாசிப்பை வளர்க்கும் ஆசை வந்தது. பணியாளர் அனைவரும் மூன்று நாளுக்குள் நாவலைப் படித்து ஒரு பக்க வாசிப்பு அறிக்கை தர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். அறுபத்திரண்டு அறிக்கைகளும் கெடுவுக்குள் வந்து சேர்ந்தன. எங்கள் அலுவலக வரலாற்றில் இப்படி நடந்ததில்லை. வரிசை எண் போட்டது நான்தான்.

தலைமைப் பதிவாளர் எல்லாவற்றையும் படித்து நெகிழ்ந்து போனார். 'மூன்றாம் அத்தியாயத்தில் வரும் கடல் வர்ணனை உள்ளத்தை உருக்குகிறது' என்று அறுபத்திரண்டு பேரும் ஒரே வார்த்தைகளில் உருகியிருந்தார்கள். துறையின் சிறந்த படைப்பாளி விருதுக்கு அக்காவின் பெயரை அனுப்பினார். காரணம் என்ற கட்டத்தில், 'கடல்' என்று எழுதினார்.

அக்கா பதறிப்போய் அவர் அறைக்கு ஓடினார். பின்னாலேயே தபால் கட்டோடு நானும் போனேன்.

"சார், என் நாவல்ல கடலே இல்ல."

"நல்லாப் பாரும்மா."

"முழுக்க முழுக்கத் தையல் அறைக்குள்ள நடக்கற கதை சார்."

தலைமைப் பதிவாளர் சாய்ந்து உட்கார்ந்தார். "அறுபத்திரண்டு பேர் பாத்தேன்னு எழுத்துல கொடுத்திருக்காங்க. நீ ஒருத்தி இல்லேங்கற. நான் எதை எடுத்துக்கறது?"

"எழுதினவ நான் சார்."

"எழுதினவங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கணும்னு சட்டம் இல்லையே."

பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் குனிந்து அவர் காதில் கணக்குச் சொன்னார். கடல் இல்லையென்றால் அறுபத்திரண்டு பொய் அறிக்கைகள். அறுபத்திரண்டு பேர் மீதும் விசாரணை. விசாரிக்கிறவர் முதலில் நாவலைப் படிக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லை. தலைமைப் பதிவாளர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"முதல் பதிப்புல கடல் விட்டுப்போச்சு. அச்சுப் பிழை. இரண்டாம் பதிப்புல சேர்த்துடு. மூணு பக்கம் போதும்."

அக்கா தலையாட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பினார். இருபத்திரண்டு வருஷமாக, விட்டுப்போனதைச் சேர்ப்பது அவர் வேலை. அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பக்கம் எழுதினார். இரண்டாம் பதிப்பு வந்தது. விருதும் வந்தது. விருது மேடையில் தலைமைப் பதிவாளர் கடலைப் பற்றிப் பேசியபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதல் எண்ணிட்ட அறிக்கை என்னுடையது. நாவல் என்றால் எங்கேயாவது ஒரு கடல் இல்லாமலா போகும் என்று நினைத்து எழுதிவிட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்கள் எழுதினார்கள். என் பிரதி அதுவரை உறை பிரிக்காமல் இருந்தது.

இரண்டாம் பதிப்பின் கட்டைப் பிரித்தபோது என்னையும் அறியாமல் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். தன் அக்காவைக் கடற்கரையில் பார்த்ததாக யாரோ சொன்னதை நம்பித் தையல்காரி அங்கே போகிறாள். கரையில் ஒரு கூட்டம். எல்லாரும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் அருமை, அலை அருமை என்று சொல்லித் திரும்புகிறார்கள். அவள் குனிந்து பார்க்கிறாள். ஒருவர் காலும் நனைந்திருக்கவில்லை. எண்ணிப் பார்க்கிறாள்: அறுபத்திரண்டு பேர்.

எனக்குக் காது சுட்டது. அன்று பஸ்ஸில் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஏழாவது சட்டைக்குப் பக்கத் தையலைப் பிரித்து அகலமாக்குகிறாள். அக்காவுக்கு இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும் என்று. எந்தப் பதிவும் இல்லாமல், ஊசி முனையில், ஒரு பிறப்பு. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது.

மறுநாள் அக்காவிடம் போய் நின்றேன். படித்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், இப்போதுதான் படித்தேன் என்றாகிவிடும்.

"அக்கா, அந்த ஏழாவது சட்டை..."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உக்காருப்பா" என்றார். சாப்பாட்டு நேரம் முடிகிறவரை ஏழாவது சட்டையைப் பற்றியே பேசினோம்.

இப்போது அவர் அடுத்த நாவல் எழுதுகிறார். பத்தொன்பது பக்கம் ஆகியிருக்கிறது. அதற்குள் வாசிப்பு அறிக்கைகள் அறுபத்தொன்று வந்துவிட்டன. நாவலில் மலை மிக அருமையாக வந்திருக்கிறதாம். என் அறிக்கை ஏன் வரவில்லை என்று கண்காணிப்பாளர் மெமோ கொடுத்தார். படித்துவிட்டு எழுதுகிறேன் என்று பதில் கொடுத்தேன். வேண்டுமென்றே காலதாமதம் செய்வதாக என் பணிப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள்.