மேட்சிங் அக்காவும் என் இன்டர்வியூ சேலையும்

காரைக்குடியில் தான் உடுத்தும் நிறத்தைத் தானே தேர்ந்தெடுத்த பெண் ஒருத்திகூடக் கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து மேட்சிங் அக்காதான் தேர்ந்தெடுத்தார். கல்யாணப் பெண்ணின் ரவிக்கையிலிருந்து சம்பந்தியம்மாவின் கைப்பை வரை அவர் பார்வைக்குத் தப்பி எதுவும் மண்டபத்துக்குள் நுழைந்ததில்லை. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்லுக்கட்டிக் கடைவீதிப் பக்கம் ரவிக்கைத் துணியும் உள்பாவாடையும் ஃபால்ஸும் விற்கும் மேட்சிங் சென்டர் அவருடையது. கடையின் பெயர் ஆளின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை அக்கா என்பேன். இருவரில் யார் மூத்தவர் என்ற பேச்சை இருவருமே எடுத்ததில்லை.

கடைக்குள் டியூப் லைட் பளீரென்று எரியும். ஆனால் அந்த வெளிச்சத்தில் அவர் ஒரு ரவிக்கைத் துணியைக்கூட வெட்டிக் கொடுத்ததில்லை. "டியூப் லைட்டு புளுகும்க்கா. சூரியன் புளுகாது" என்று சொல்லி, சேலையும் கையுமாக நம்மை நடுரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார். முதல் தடவை என்னை அப்படி நிறுத்தியபோது முன்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இரு கையிலும் ஒவ்வொரு ரவிக்கைத் துணியோடு நின்ற அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் காட்டினார்.

"இருங்கண்ணே, கலரு பாக்கோம்ல!"

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "இடது கையில வச்சிருக்கதுதான் சரியா இருக்குத்தா."

"கூலிங் கிளாஸக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

அவர் கழற்றினார். உற்றுப் பார்த்தார். "அட, ஆமா. வலது கைதான்" என்றார். அதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் வலது, இடது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கண்டக்டர் விசில் ஊதித்தான் கூட்டத்தை முடித்து வைத்தார்.

இத்தனைக்கும் அக்கா உடுத்தியிருப்பதைப் பார்த்தால் கண் கூசும். கிளிப்பச்சைச் சேலை, ஊதா ரவிக்கை, கீழே எட்டிப் பார்க்கும் ரோஸ் உள்பாவாடை. கேட்டால், "விக்காம கெடக்குற துணிய நாந்தான கட்டணும்? நான் என்ன பொண்ணு பாக்கவா உக்காரப் போறேன்?" என்பார்.

கல்யாணங்களைவிட அவர் பெரிதாக எடுத்துக்கொண்டது இன்டர்வியூவைத்தான். வேலை கேட்டுப் போகிறவர்கள் வீட்டில் சொல்கிறார்களோ இல்லையோ, அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு நர்ஸ் பெண்ணை வெள்ளை உடுத்தக்கூடாது என்று தடுத்தார். "ஏற்கெனவே வேலை பாக்குற புள்ளன்னு நெனச்சு, உள்ள வந்ததும் ட்ரேயக் கையில குடுத்துருவாக." பொறியியல் படித்த ஒருவரிடம் நீலச் சட்டை ஆகாது என்று எவ்வளவோ சொன்னார். அவர் கேட்கவில்லை. கம்பெனி வாசலில் ஒரு அதிகாரி அவர் கையில் கார் சாவியைக் கொடுத்து நிழலில் விடச் சொன்னாராம். அவரும் விட்டுவிட்டுத்தான் இன்டர்வியூவுக்குள் போயிருக்கிறார். ஆனால் அக்காவின் பேச்சைக் கேட்டு மாம்பழ மஞ்சளில் போன பெண்ணுக்கும் வேலை கிடைக்கவில்லை. அதைப் பற்றி மட்டும் அக்கா பேசமாட்டார்.

என் முறை போன வருடம் வந்தது. என் கணவரின் ஜெராக்ஸ் கடையை மூடியாகிவிட்டது. மகள் கல்லூரியில் இருந்தாள். வீட்டுக்குள் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தே தீரவேண்டும் என்ற நிலை. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதியவள். அதற்குப் பிறகு இன்டர்வியூ என்ற சொல்லைக்கூட உச்சரித்ததில்லை. ஊருக்கு வெளியே பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே விருந்தாளிகளை வரவேற்கும் பொறுப்புக்கு ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பம் போட்டேன், கூப்பிட்டுவிட்டார்கள். என்ன உடுத்திக்கொண்டு போவது?

வீட்டில் இருந்த நல்ல சேலைகளை இஸ்திரி போட்டு, பையில் வரிசையாக மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா பையைத் திறக்கவே இல்லை.

"எந்த ரூமுல வச்சிக் கேப்பாக?"

"அது எப்படிக்கா தெரியும்?"

"செவுரு என்ன கலரு, நாற்காலி என்ன கலருன்னு தெரியாம என்னத்தக் கட்டுவீக? செவப்பு நாற்காலியில செவப்பு கட்டிட்டு உக்காந்தா வெறும் நாற்காலின்னு நெனச்சு அடுத்த ஆளக் கூப்புட்டுருவாக."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் மாலை அவரே என் வீட்டுக்கு வந்தார். கைப்பையிலிருந்து துண்டுத் துணிகளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார்.

"செவுரு இந்தா, இந்தக் கலரு. நாற்காலி இது. தரையில பூவு போட்ட கல்லு, அதுல பச்சை கூடுதலு."

"அக்கா, உள்ள எப்படி விட்டாங்க?"

"மகளுக்குக் கல்யாண ரிசப்ஷன் வைக்கணும், எடம் பாக்கணும்னேன். அந்த மேனேஜர் அம்மா கூடவே வந்து எல்லா ரூமையும் காட்டுனாக, வேலைக்கு வர்றவுககிட்டப் பேசுற ரூமையும் சேத்து. தங்கமான பொம்பள."

அக்காவுக்கு மகளே கிடையாது. இரண்டும் பையன்கள்.

"சுவத்துல துணிய வச்சுப் பார்த்தப்ப ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாக. பூ அலங்காரத்துக்குன்னேன். சாப்பாட்டுல பன்னீர் வைக்கவான்னு கேட்டாக. வைங்கன்னுட்டேன்."

"பன்னீர் வரைக்கும் போயிட்டீங்களா!"

"வேணாம்னா சந்தேகப்படுவாகள்ல?"

முடிவு சொல்லப்பட்டது. சிவப்பு நாற்காலியோடு போய்விடும். பச்சை தரையோடு போய்விடும். சந்தன நிறம், அதில் விரல் அகல அரக்குக் கரை. "மேல சன்னல்ல ஏதோ கண்ணாடி இருக்கு. அழுக்குப் புடிச்சு மங்கிப்போய்த் தெரியுது. அத விடுங்க" என்றார்.

அதோடும் விடவில்லை. கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வெயிலில் என்னை அந்தச் சேலையோடு உட்காரவைத்து, பூக்கடை அண்ணனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கச் சொன்னார். அவர் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டு, "இதுக்கு முன்னாடி எங்குட்டு வேலை பாத்தீக? அங்கருந்து ஏன் நின்னுட்டீக?" என்று அதட்டினார். நான் உண்மையாகவே திணறினேன். "பதிலு சுமாரு, சேலை பிரமாதம்" என்று பூக்கடை தீர்ப்பளித்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்டர்வியூ அன்று காலை, வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் அக்கா ஆட்டோவில் ஏறிவிட்டார். வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் நான் இறங்கினேன்.

அறைக்குள் இரண்டு பேர். ஒருவர் ஹோட்டலின் உரிமையாளர், வெள்ளை வேட்டி சட்டையில் வயதானவர். மற்றவர் அந்தத் தங்கமான மேனேஜர் அம்மா. சுவரும் நாற்காலியும் தரையும் அக்கா கொண்டுவந்த துண்டுத் துணி நிறத்திலேயே இருந்தன. எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. உட்கார்ந்தேன்.

அப்போதுதான் மேகம் விலகி வெயில் வந்தது.

சன்னலுக்கு மேலே அரைவட்டமாக இருந்தவை அழுக்குக் கண்ணாடிகள் அல்ல. சிவப்பும் பச்சையும் நீலமுமான வண்ணக் கண்ணாடிகள். அக்கா மாலையில் பார்த்திருக்கிறார். சூரியன் அப்போது வீட்டின் மறுபக்கம் இருந்திருக்கும். இப்போது காலை வெயில் நேராக உள்ளே இறங்கியது. சந்தன நிறம் எதையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. என் வலது தோள் ரத்தச் சிவப்பு. மடியில் மயில் நீலம். முந்தானை முழுக்கப் பச்சை. நான் அதிர்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். சிவப்பு மூக்குக்கு வந்துவிட்டது.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றார் மேனேஜர். அவர் பார்வை என் மூக்கைவிட்டு நகரவில்லை. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. வாயில் இரண்டு ஊக்கைக் கவ்வியபடி மேட்சிங் அக்கா நின்றார். வெளியிலிருந்து சன்னல் வழியே என்னைப் பார்த்துவிட்டு, சத்தியத்தையும் மறந்து வந்திருக்கிறார். ஊக்குகளை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டார்.

"ஐயா, ஒரு நிமிசம் கோவிச்சுக்காதீக. இந்த ரூமு வெளிச்சம் புளுகுது. உள்ளபடிக்கு இவுக இந்தக் கலரே இல்ல. அக்கா, எந்திரிங்க. இங்குட்டு வாங்க."

நான் எழுந்தேன். எழாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, முந்தானையை நீவிவிட்டு, பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களுந்தான் பச்சையா இருக்கீக. அங்குட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காந்தா வெள்ளையாயிருவீக."

பெரியவர் தள்ளி உட்கார்ந்தார்.

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். "நீங்க அந்த ரிசப்ஷன் பார்ட்டிதானே? பன்னீர் சொன்னவங்க?"

அக்கா ரவிக்கையில் குத்திய ஊக்கை எடுத்து மறுபடி வாயில் கவ்விக்கொண்டார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் போதும். யாரோ ஒரு கிறுக்குப் பெண் உள்ளே நுழைந்துவிட்டார் என்று வெளியே அனுப்பிவிட்டு இன்டர்வியூவைத் தொடர்வார்கள். தெரியும் என்றால், இவர்கள் ஹோட்டலுக்குள் வேவு பார்க்க ஆள் அனுப்பியவள் நான் என்று ஆகிவிடும். அக்கா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல இடம் வலமாக ஆட்டினார். தெரியாது என்று சொல்லச் சொல்கிறார். அதைப் பார்த்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"தெரியும் மேடம். என் கூடத்தான் வந்தாங்க. ரிசப்ஷன் எதுவும் கிடையாது. இவங்களுக்கு மகளே கிடையாது. நான் என்ன சேலை கட்டிட்டு வரணும்னு முடிவு பண்றதுக்காக உங்க ரூமைப் பார்த்துட்டுப் போனாங்க."

மேனேஜர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சேலைக்கா?"

பெரியவரின் தோள்கள் குலுங்கின. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "சேலைக்கு வேவு பாத்த கூட்டத்த இப்பத்தான் பாக்குறேன். அந்தப் பன்னீர மொதல்ல கேன்சல் பண்ணும்மா" என்றார்.

வெளியே வந்தோம். ஆட்டோவில் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியாதுன்னு சொல்லித் தொலைச்சா என்ன?" என்று திட்டினார். "ஒங்க புள்ள படிப்பு என்னாகுறது?" கொஞ்ச தூரம் போனதும், "கண்ணாடியப் பாத்தேன்க்கா. பாத்தும் விட்டுட்டேன்" என்றார். வீடு வரும்வரை என் முந்தானைக் கரையையே நீவிக்கொண்டு வந்தார்.

ஒரு வாரம் போன் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு மேனேஜர் கூப்பிட்டார். பெரியவர் சொன்னதை வரி மாறாமல் ஒப்பித்தார். "பொய் சொல்ல வேண்டிய எடத்துலயும் சொல்லத் தெரியல இந்தம்மாவுக்கு. வாசல்ல நிப்பாட்டினா வர்ற விருந்தாளியெல்லாம் ஓடிருவாக. கணக்குல உக்கார வைங்க."

இனிப்பு வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அக்கா முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் கேட்டார்.

"கணக்கு ரூமுல சன்னல் எங்குட்டு இருக்கு?"

"சன்னலே இல்லக்கா. உள் அறை. டியூப் லைட்தான்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் யாரோ இறந்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள். "நாள் முச்சூடுமா?" என்றார்.

இப்போது தினமும் காலை பஸ் ஸ்டாப்புக்கு அவர் கடையைத் தாண்டித்தான் போகிறேன். நேரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே நடையைத் தளர்த்திவிடுவேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தி, தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்ப்பார். சில நாள் கிட்டே வந்து கொசுவத்தைச் சரிசெய்வார். பல நாள் ஒரு "ம்" மட்டும் வரும். எப்போதாவது வலையபட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார். அந்த நாள்களில் நான் உடுத்தியிருப்பது எனக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று தெரியாமலே வேலைக்குப் போய்வருகிறேன்.