ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வர வேண்டாம்

செஞ்சி,
வெள்ளிக்கிழமை.

அவலூர்பேட்டை தனகோட்டி அவர்கள் சமூகத்துக்கு, ரேஷன் கடை கோவிந்தராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவி ராஜாம்பாளும் நலம். தங்கள் வீட்டில் அனைவரும் நலமாயிருக்கச் சிங்கவரம் பெருமாளை வேண்டுகிறேன். என் மகன் விமல்ராஜின் நலத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். 'சம்பந்தி' என்று எழுதப் பேனா ஓடுகிறது, பிடித்து வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாமென்றால் அவன் பிடுங்கிக்கொண்டு தங்களோடு விவாதம் நடத்துவான்.

பிள்ளை ரேடியோவில் இருக்கிறான் என்று தரகர் சொன்னார் அல்லவா, அது செல்போன் கடை மாடியில் நடக்கும், செல்போனில் மட்டும் கேட்கும் ரேடியோ. அதற்கு முன்பு மைக் செட் ஆட்டோவில் அறிவிப்பாளன். முதல் சம்பளமே அரசாங்கத்தின் மாட்டுத் தடுப்பூசி முகாமை அறிவித்து வாங்கியதுதான். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் அதன் எதிர்க்கட்சி. இரண்டுக்கும் கத்தியதில் ஞானம் பிறந்து, அரசாங்கமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டான். இப்போது தினமும் காலையில் 'அரசே, உன் வேலையைப் பார்' என்று ஒரு நிகழ்ச்சி. வரி கூடாது, லைசென்ஸ் கூடாது, ரேஷன் கூடாது. மேல்சித்தாமூரிலிருந்து ஒருவர், "அப்போ ரோடு யாரு போடுறது தம்பி?" என்று கேட்டதற்கு, "போறவன் போட்டுக்கட்டும்" என்றான். இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ரேஷன் அரிசி இட்லியில் எட்டு தின்றான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில்.

போன மாதம், "எங்க நைனா இருபத்தொம்போது வருஷம் ரேஷன்ல எடை போட்டாரு, அதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஊர் கேட்கச் சொன்னான். டீக்கடையில் நின்று கேட்டேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன் ஐயா, வலித்தது. அதையாவது விட்டேன். நேற்று கோட்டை மலையடிவாரத்திலிருந்து நேரடி ஒலிபரப்பு. "இந்தக் கோட்டைக்குள்ள டிக்கெட் இல்லாம போறது குரங்கு ஒண்ணுதான். அதுதான் நெசமான சுதந்திரக் குடிமகன்" என்றான். குடிமகன் வந்து மைக்கைப் பிடுங்கி, கையையும் பிறாண்டிவிட்டுப் பாறைமேல் ஏறிவிட்டான். உடனே நம் பிள்ளை, "ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போடுங்கய்யா, இன்னா பண்ணுது இந்த அரசாங்கம், தூங்குதா?" என்று அலறியதைக் கடைவீதி முழுக்கக் கேட்டது, ஏனென்றால் மைக் குரங்கு கையில் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இலவச ஊசி போட்டுக்கொண்டு, ஃபேன் ஓடவில்லையென்று புகார் வேறு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

தங்கள் மகள் பூங்குழலி பரீட்சை எழுதி இங்கே செஞ்சித் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பெண். அந்த ஆபீசுக்குத்தான் பூட்டுப் போட வேண்டுமென்று இவன் வாரத்தில் மூன்று நாள் சொல்கிறான். கல்யாணத்தைப் பதிவு செய்யவும் மாட்டானாம். "நான் கட்டிக்கிறதுக்கு அரசாங்கம் யாரு சாட்சி?" என்கிறான். வருகிற ஞாயிறு தாங்கள் நாலு பெரியவர்களோடு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவானதாகிவிடும், பிறகு பின்வாங்க முடியாது. ஆகவே வர வேண்டாம். எனக்கு வேறு பிள்ளை இல்லை, இவனுக்கு இதைவிட நல்ல பெண் கிடைக்கப்போவதும் இல்லை. ஆனாலும் கல்லை அரிசியென்று நிறுத்துக் கொடுத்துப் பழக்கமில்லாத கை இது.

தங்கள் மகளுக்கு நல்ல இடம் அமைந்து, தீர்க்க சுமங்கலியாய் இருக்க ஆசிகள். வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
ஆ. கோவிந்தராஜ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் தங்கள் மகள் ஆபீஸ் விட்டுப் பஸ்சுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நேற்றைய நிகழ்ச்சியை ஆபீசே கேட்டுச் சிரித்ததாம். "கை எப்படி இருக்குது?" என்று அவனைக் கேட்டுவிட்டு, "பசிக்குது அத்தை" என்று ராஜாம்பாளிடம் தட்டு வாங்கி நாலு இட்லி சாப்பிட்டாள். கை நனைந்துவிட்டது ஐயா, இனி நானோ தாங்களோ செய்வதற்கு ஒன்றுமில்லை. பிறகு பையிலிருந்து திருமணப் பதிவு விண்ணப்பத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து அவன் அதை நிரப்பிக்கொண்டிருக்கிறான். இப்போதுதான் தலையைத் தூக்கி, "நைனா, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்குதா?" என்று கேட்டான். ஞாயிறு அவசியம் வரவும், சம்பந்தி.