மலரின் விண்ணப்பத்தை நான் திருத்திய கதை

ஒரு விஷயத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டவன் கையில் மாட்டுவதைப் போன்ற கொடுமை உலகத்தில் கிடையாது. பழைய ஆளாவது அலுத்துப்போய் விட்டுவிடுவான். புது ஆள் விடவே மாட்டான். நான் அப்படி ஒரு புது ஆளாக ஆறு மாதம் இருந்தேன். என் கையில் மாட்டியது என் மனைவி மலர்விழி.

அப்போது நான் ஜெர்மனியில், பான் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி நான்காவது மாதம் விமானம் ஏறியவன். மலர் பாளையங்கோட்டையில் என் அப்பா அம்மாவுடன் இருந்துகொண்டு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் ஓடிவிட்டது. எங்கள் துறையிலேயே அவளுக்கும் ஓர் ஆராய்ச்சி இடம் கிடைத்தால் அவள் வந்துவிடலாம். அந்த ஒரு நம்பிக்கையில்தான் இரண்டு பேரும் நாளை நகர்த்திக்கொண்டிருந்தோம்.

இந்த நேரம் பார்த்து எனக்கு ஞானோதயம் ஆனது. நான் எழுதிய முதல் கட்டுரையை என் வழிகாட்டியான பேராசிரியை திருப்பிக் கொடுத்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. ஜெர்மனிக்கு வருமுன் மூன்று வருடம் சென்னையில் ஓர் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். அங்கே யாரும் எதையும் செய்ய மாட்டார்கள், ‘ஆக்‌ஷன்’ பண்ணுவார்கள். எதுவும் எதையும் பாதிக்காது, ‘இம்பாக்ட்’ பண்ணும். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், ‘டயலாக்’ பண்ணுவார்கள். நம்மிடம் ‘பண்ணு’ என்று ஒன்று இருக்கிறதே, எந்த ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் அதை ஒட்டினாலும் காரியம் நடந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் ‘பண்ணு’வை மட்டும் கழற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே வினையாக வைத்துவிடுவேன். (இத்தனை வருட ஆங்கிலப் படிப்பில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் இதுதான்.)

முறையான எழுத்தில் பெயர்ச்சொல்லைப் பிடித்து வேலை வாங்காதே, அந்த வேலைக்கென்றே பிறந்த வினைச்சொல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றார் பேராசிரியை. எனக்கு அவமானமாக இருந்தது. வாங்கிய அவமானத்தை வேறு யாருக்காவது கொடுத்தால்தான் ஆறும் என்கிற ரகம் நான். அந்த வாரமே மலர் தன் விண்ணப்பக் கடிதத்தை அனுப்பி, சும்மா ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

சும்மா பார்ப்பதாவது. கணினியில் அந்த இரண்டு பக்கக் கடிதத்தின் ஓரத்தில் கட்டம் கட்டமாகக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். ஆங்கிலப் பிழையைத் தமிழில் திட்டினால்தான் உறைக்கும் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். அவளும் ஒவ்வொரு குறிப்புக்குக் கீழேயும் பதில் எழுதினாள். முதல் பத்துப் பதினைந்துக்கு ‘சரிங்க சார்’ என்றுதான் வந்தது.

‘டயலாக் என்பது பெயர்ச்சொல், விவசாயிகளிடம் பேசினேன் என்று எழுது’ என்ற குறிப்புக்கு வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. ‘நீங்க என்கிட்ட பேசி நாலு நாள் ஆச்சு’ என்று எழுதியிருந்தாள்.

உண்மைதான். மலரின் கைபேசிக்குக் கூப்பிட்டாலும் அம்மாதான் எடுப்பாள். அம்மாவிடமிருந்து அப்பா, அப்பாவிடமிருந்து பக்கத்து வீட்டு மாமா என்று சுற்றி மலர் கைக்குப் போகும்போது கல்லூரிப் பேருந்து வந்துவிடும். வீடியோவில் கூப்பிட்டாலோ வீடே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு அவள் சாப்பிட்டாச்சா என்று கேட்பாள், நான் ஆச்சு என்பேன், அவ்வளவுதான். அதனால் எங்களை அறியாமலே அந்தக் கடிதத்தின் ஓரத்துக்குக் குடிபோய்விட்டோம். நான் பிழையே இல்லாத இடத்தில்கூடக் குறிப்புப் போட ஆரம்பித்தேன். அவள் பதில் எழுத வேண்டுமே.

ஒருநாள் இப்படி எழுதியிருந்தாள்: ‘இன்னிக்கு உங்க நீலச் சட்டையத் துவைச்சுக் காயப்போட்டேன். யாரும் போடாத சட்டைய ஏன் துவைச்சேன்னு அத்தை கேட்டாங்க. தூசியா இருந்துச்சுன்னு சொன்னேன்.’ நான் ஆய்வகத்தில் மண் சலிக்கும் மேசையில் உட்கார்ந்து அதை ஏழெட்டு முறை படித்தேன். அதற்கு நான் எழுதிய பதிலை இங்கே எழுத முடியாது. அதற்கு அவள் எழுதியதை நிச்சயமாக முடியாது.

கடைசி நாள் வந்தது. நீ ஏற்றினால் சொதப்பிவிடுவாய், நானே ஏற்றுகிறேன் என்று மலரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கடிதத்தைப் பி.டி.எஃப். கோப்பாக மாற்றி, அவள் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் சேர்த்து, பல்கலைக்கழகத்தின் தளத்தில் நானே ஏற்றினேன். இதை யார் உதவியும் இல்லாமல் நானே எழுதினேன் என்பதுதான் அந்த உறுதிமொழி. கடிதம் ஓரக் குறிப்புகளோடு போகிறதா, இல்லாமல் போகிறதா என்று நான் பார்க்கவில்லை. வினைச்சொல்லைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் துறை அலுவலகத்திலிருந்து சுகந்தி அக்கா கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், துறையின் செயலாளர், எங்கள் படிவம் எதுவும் அவரைத் தாண்டாமல் நகராது. நல்ல செய்திதான் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். மேசையில் மலரின் கடிதம் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது. இடதுபக்கம் கடிதம் ஒடுங்கிக் கிடக்க, வலதுபக்கம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் என் முழுப்பெயர்.

“தம்பி, இருங்கோ. இது உங்கட வேலைதானே?”

தலையாட்டிக்கொண்டே நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

“ப்ரொஃபெசர் என்னை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னவ. இங்கிலீஷைப் பற்றி எழுதினதெல்லாம் சொன்னனான். நீலச் சட்டைக்குப் பிறகு எனக்கு ஏலாமப் போச்சு. மிச்சம் குடும்ப விஷயம் எண்டு நிப்பாட்டிட்டன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானும் என்ர மனுசனைப் பாக்காமல் மூண்டு வருசம் இருந்தனான், தம்பி. அப்ப எங்களுக்குக் கடிதம் மட்டும்தான்.”

பேராசிரியை உள்ளே வந்தார். கோபமாக இருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும், அவருக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தத் திட்டுகளை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்ததாம். பிறகுதான் எல்லாம் அவரே என்னைத் திட்டியது என்று தெரிந்ததாம். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை, ஆனால் உதவியில்லாமல் எழுதியதாகக் கையெழுத்து இருக்கிறது, பக்கத்திலேயே நாற்பத்தொரு கட்டத்தில் உதவியும் இருக்கிறது, இதை ஏற்க முடியாது, அடுத்த வருடம் விண்ணப்பிக்கட்டும் என்றார். நான் வாதாடவில்லை. அவர் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் பேசினேன். வழக்கம்போல் அம்மா, அப்பா, மாமா. மலர் வந்ததும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“அப்போ இன்னும் ஒரு வருஷமா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“சட்டை விஷயத்தையும் படிச்சாங்களா?”

படித்தார்கள் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். என்னடி சிரிப்பு என்று அம்மா கேட்பது கேட்டது. அப்புறம்தான் அந்தச் சிரிப்பு வேறாக மாறியதைக் கவனித்தேன். அந்த நிமிடம், இலக்கணம் எக்கேடு கெட்டால் என்ன, அவள் எழுதியதை எழுதியபடியே அனுப்பியிருக்கலாமே என்று வயிறு எரிந்தது. பிழையோடு அவள் இங்கே வந்திருப்பாள்.

அடுத்த வருடம் அவளே எழுதினாள், அவளே ஏற்றினாள், என் கண்ணில் காட்டவே இல்லை. இடமும் கிடைத்தது, ஆனால் ஹாம்பர்க்கில். பானுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டேன். “அங்க என் லெட்டர எல்லாரும் படிச்சிட்டாங்கல்ல” என்றாள். என் ஆராய்ச்சி முடிந்து எனக்கு வேலையும் பானிலேயே அமைந்துவிட்டது. அவள் அங்கே, நான் இங்கே. வெள்ளிக்கிழமை மாலை நான் ரயில் ஏறுவேன், ஞாயிற்றுக்கிழமை திரும்புவேன். ஒரே நாட்டுக்கு வந்துவிட்டோம் என்பது முன்னேற்றம்தான். ஆனாலும் செவ்வாய், புதன் ஆனால் வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

ஊரில் இந்தக் கதை கைகால் முளைத்துப் போய்விட்டது. அம்மாவே கல்யாண வீடுகளில் சொல்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் எப்போது ஒரே ஊரில் குடித்தனம் நடத்தப்போகிறீர்கள் என்று எந்த உறவினர் கேட்டாலும், எங்களுக்கு முன் அம்மா பதில் சொல்லிவிடுவாள்: “எம்மவன் இன்னும் திருத்திக்கிட்டு இருக்கான்.”

ஞாயிற்றுக்கிழமை பகலில் மலரின் ஹாம்பர்க் அறையிலிருந்து வீட்டுக்குக் கூப்பிடுவோம். கூடம் நிறைய ஆள் இருக்கும். யாராவது அதைக் கேட்பார்கள், அம்மா அதைச் சொல்வாள், மொத்தக் கூடமும் சிரிக்கும். மலர் என் தோளில் சாய்ந்துகொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் என் வண்டிக்கு நேரமாகிவிடும்.