தங்கையே, எட்டு மணிக்குப் போன் செய்யாதே

எருமப்பட்டி,
வெள்ளிக்கிழமை.

ஆத்தூர் அரிசி ஆலை வீட்டில் வாழும் தங்கை தமிழ்ச்செல்விக்கு, அண்ணன் வெள்ளியங்கிரி ஆசியுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். மற்றபடி உன் மேல் எனக்குக் கோபம். போனிலேயே திட்டலாம்தான், ஆனால் தினமும் எட்டு மணிக்கு என் போன் உன்னோடும் என் மகளோடும்தான் இருக்கிறது.

வித்யா பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்ததும், ரத்தம் ஒன்பதுகூட இல்லை, தினமும் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். அதை அவளை விழுங்க வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. டீயோடு கொடுத்தேன், வாந்தி எடுத்தாள். வாழைப்பழத்துக்குள் வைத்தேன், பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பினாள். பண்ணையில் பத்தாயிரம் கோழிகள் நான் போடும் தீவனத்தை மறுபேச்சில்லாமல் தின்கின்றன. பெற்ற பெண் ஒருத்தி, "துருப்புடிச்ச ஆணியாட்ட நாறுதுங்கப்பா" என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். நீ ஒரே ஒரு போன் பண்ணினாய். "வெறும் வயித்துல போடாத சாமி, டீயும் வேண்டாம், சோறு உண்டுட்டு எலுமிச்சம்பழத் தண்ணியில போடு. எனக்கும் ரத்தம் கம்மிதான், டாக்டரம்மா எழுதிக் குடுத்திருக்காங்க, நானும் கூடவே போட்டுக்கறேன்" என்றாய். கழுதை, மடக்கென்று விழுங்கிவிட்டது.

அன்றிலிருந்து நான் தண்ணீர்ச் சொம்போடு அறை வாசலில் நிற்கிறேன், "கதவச் சாத்திட்டுப் போங்கப்பா" என்கிறாள். உள்ளே ஒரே சிரிப்பு. மாத்திரை போடறதுல அப்படி என்னம்மா சிரிப்பு? எனக்கு வயிறெரியாதா? பெத்தவன் நானா, நீயா? சரி, கூடச் சேர்ந்து விழுங்குற ஆளுக்குத்தான் மசிவா போலன்னு, நானும் அவ மாத்திரைய யாருக்கும் தெரியாம எடுத்துப் போட்டுப் பழகினேன். ஒரு நாள் காலையில கக்கூஸ்ல பாத்தா கருங்கருப்பு, தார் மாதிரி. குடல் வெந்து ரத்தம் போகுது, நம்ம கதை முடிஞ்சுதுன்னு உங்க அண்ணிகிட்ட அழுதுட்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரிக்குது. "இரும்புச்சத்து மாத்திரை போட்டா அப்படித்தானுங்க போகும். புள்ளைக்குக் குடுத்ததை உங்களை யாருங்க திங்கச் சொன்னது?" ஊட்டுக்கு வந்து சொன்னா, வித்யா "இதை அத்தை மொத நாளே சொல்லிருச்சேப்பா, பயந்துக்காதேன்னு"ங்கறா. அதையும் நீயே முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறாய்!

போன வாரம் மறுபடி சோதித்தார்கள். பதினொன்றைத் தாண்டிவிட்டது, இன்னும் கொஞ்ச மாதம் விடாமல் போட வேண்டும் என்றார்கள். சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் ஓடி வந்து என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, முதலில் உனக்குத்தான் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், தமிழு.

ஆகையால் இனி எட்டு மணிக்கு நீ போன் செய்யக் கூடாது. மாத்திரை கொடுக்க இந்த வீட்டில் அப்பன் ஒருவன் இருக்கிறான். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஆலைக்கு நெல் வரத்துப் பெருகட்டும், உனக்கும் ரத்தம் ஊறட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத அண்ணன்,
வெள்ளியங்கிரி.

பின்குறிப்பு: நேற்றும் இன்றும் உன் போன் ஏன் அணைந்து கிடக்கிறது? வித்யா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாள். உன் குரலில் "போட்டுக்க சாமி" என்று பேசிப் பார்த்தேன், நாய்தான் குரைத்தது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்வரை காத்திருக்காமல் உடனே போன் பண்ணு.