உர அறை மிஷினும் உங்கள் காரின் அலுமினிய முழங்கையும்

அபிராமம்,
15.11.2008, சனிக்கிழமை.

மதுரையில் மூட்டுவலி குறைந்து சௌகரியமாக இருப்பதாக நான் நம்புகிற அன்பு மச்சான் வேல்சாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் சேதுராமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை இராமலட்சுமியும் உழவு மாடுகளும் நலம். மழை போதுமான அளவு பெய்து நெல் நன்றாக நிற்கிறது. உங்கள் காரும் நலம், வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மகன் மருதுபாண்டி நலமா என்று கேட்பீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆடியில் குலசாமி கும்பிட வந்த நீங்கள் திரும்பிப் போகும்போது, ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற இடத்தில், முழங்கை மாதிரி வளைந்த அலுமினியச் சாமான் ஒன்று அரித்து விரிசல் விட்டிருந்தது. பரமக்குடி மெக்கானிக் வந்து பார்த்து, "இந்த வண்டிக்கு இந்தச் சாமான் இப்ப வாரதே இல்ல" என்று கையை விரித்தார். பேசாமல் இருந்திருக்கலாம், என் மகன் வாயைக் கொடுத்தான். "மாமா, என் மிசின் முடியட்டும். நானே செஞ்சு தாரேன்" என்றான். நீங்களும் பஸ் ஏறுகிற கோபத்தில், "கார்த்திகை பொறக்குறதுக்குள்ள செஞ்சுட்டா நீ இங்கனயே இருந்துக்க. இல்லாட்டி நான் பாத்து வச்சிருக்கிற துபாய் வேலைக்கு மறுபேச்சில்லாமக் கெளம்பிரணும்" என்றீர்கள். அவன் தலையாட்டினான். நாளைக்குக் கார்த்திகை பிறக்கிறது மச்சான், முழங்கை பிறக்கவில்லை. ஆகவே அவனுடைய பாஸ்போர்ட்டை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

அந்த மிஷினின் கதையை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். சி.என்.சி. என்கிறான். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், அதுவே அங்குமிங்கும் நகர்ந்து அலுமினியத்தைக் குடையுமாம். கடையில் வாங்கினால் நம் நஞ்சையை விற்க வேண்டும் என்பதால் தானே கட்டினான். மூளை, மூடிப்போன பிரௌசிங் சென்டர் கம்ப்யூட்டர். கை கால்களை ஆட்டுகிற மோட்டார்கள், பழைய இரும்புக்கடை ஹாஜா முகைதீன் பாய் எங்கிருந்தோ கொண்டுவந்த ஜெராக்ஸ் மிஷின்களின் வயிற்றிலிருந்து பிடுங்கியவை. அஸ்திவாரம் உங்கள் தங்கையுடையது. அதாவது, அவளுக்குக் குளியலறை கட்டச் சொல்லி நீங்கள் இறக்கிவிட்டுப் போன சிமெண்ட் மூட்டைகள். வெட்டும்போது மிஷின் அதிரக் கூடாதென்று ஒரு மூட்டை பாக்கியில்லாமல் அத்தனையும் அதன் அடியில் கொட்டி இறுக்கிவிட்டான். இப்போது மிஷின் அசைவதில்லை. உங்கள் தங்கை இன்னமும் கீற்று மறைப்புக்குள்தான் குளிக்கிறாள், குளிக்கும்போதெல்லாம் மிஷினுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசுகிறாள்.

உர மூட்டைகளை எடுத்துத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டு அந்த அறையை மிஷினுக்குக் கொடுத்தோம். வெட்டும்போது பறக்கிற அலுமினியச் சுருள் படாத இடம் இந்த வீட்டில் இல்லை. கமுதியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், பந்தியில் பக்கத்தில் இருந்தவர் என் வேட்டியைத் தடவிப் பார்த்து, "சரிகை நல்லா மின்னுது, எந்தக் கடையில எடுத்தீக?" என்று கேட்டார். ஊரில் யாரும் இப்படி மரியாதையாகக் கேட்பதில்லை. டீக்கடையைத் தாண்டினால் மூக்கையா, "என்ன சேதுராமா, மகன் ஏரோப்ளேன் எப்ப விடுறான்? முன் சீட்டுல எனக்கு ஒரு எடம் போட்டு வையி" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுகிறேன்.

சரி, முழங்கைக்கு வருகிறேன். ஒரு பக்கத்திலிருந்து பாதி, திருப்பி வைத்து மறுபக்கத்திலிருந்து பாதி என்று குடைய வேண்டும், இரண்டு துளையும் உள்ளே சந்திக்க வேண்டும். சந்திக்க மாட்டேன் என்கின்றன. ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றது சற்றே தள்ளிப் பார்க்கிறது, பங்காளிச் சண்டை போட்டவர்கள் மாதிரி. கெட்டுப்போனவற்றை ஹாஜா முகைதீன் பாய் உருக்கி மறுபடி கட்டியாக்கித் தருகிறார். அவர் ஒருவர்தான் சலிக்காமல், "இன்ஷா அல்லாஹ், அடுத்தது சரியா வந்துரும் தம்பி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் கரண்டு வேறு போய்விடுகிறது. போனால் மிஷின் எல்லாவற்றையும் மறந்துவிடுமாம். நேற்று அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "அய்யா, மிசின் நல்லாத்தான் வெட்டுது. ஆனா தான் எங்கன நிக்கிறோம்னுதான் அதுக்குத் தெரியல" என்றான். எனக்கு வந்ததே கோபம். "ஏலே, நம்ம உர ரூமுக்குள்ளதான் நிக்கிறோங்கிறது கூடவா தெரியாது?" என்றேன். அவன் எழுந்து மிஷினிடமே போய்விட்டான்.

நான் என் கடமையில் குறை வைக்கவில்லை மச்சான், இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆயுத பூஜையன்றுதான் அதை முதலில் ஓட விட்டோம். மற்ற நாள் கவலை அவனுக்கு, வெள்ளிக்கிழமைப் பூஜை எனக்கு. கலப்பைக்கும் பம்புசெட்டுக்கும் வைக்கிற சந்தனத்தை இதற்கு மட்டும் வைக்காமல் இருக்க முடியுமா? "கம்ப்யூட்டருக்கு ஆகாதுய்யா" என்று முன்பக்கம் வைத்ததையெல்லாம் துடைத்துவிடுவான். ஆகவே அவன் கண்ணில் படாதபடி பின்பக்க மூலையில், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்னக் குமிழில், வாராவாரம் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும் வைத்துவிட்டு வருகிறேன். நேற்றும் வைத்தேன். இவ்வளவு பயபக்தியோடு பார்த்துக்கொண்டும் அந்த மிஷினுக்கு நன்றியில்லை.

ஆகையால் அவனைத் துபாய்க்கே அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். எந்த வேலையானாலும் சரி. வெயில் அவனுக்குப் பழக்கம்தான். மீன் குழம்பு இல்லாவிட்டால் சோறு இறங்காது, பாம்பன் கருவாடு கொஞ்சம் கட்டிக் கொடுத்தால் விமானத்தில் விடுவார்களா என்று விசாரித்து எழுதவும். அவன் போய்விட்டால் அந்த அறையில் மறுபடி உர மூட்டைகளை அடுக்கிவிடலாம். சத்தம் இருக்காது. எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது, அது வேறு விஷயம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி. மூட்டுக்கு நல்லெண்ணெய் தடவுவதை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சேதுராமன்.

பின்குறிப்பு: மேலே உள்ளது காலையில் எழுதியது. உறையை ஒட்டப் பசை தேடி உர அறைக்குப் போனேன். மருதுபாண்டி மிஷினுக்குப் பின்னால் டார்ச் லைட்டோடு படுத்துக் கிடந்தான். "அய்யா, இங்கன வாங்க. இது என்ன?" என்றான். "சந்தனம்லே" என்றேன். அவன் நகத்தால் நெம்ப, அது அரை நெல்லிக்காய் கனத்துக்கு வில்லையாகக் கழன்று கையில் வந்தது. பிறகுதான் விளக்கினான். ஒவ்வொரு தடவை கரண்டு வந்ததும் மிஷின் அந்த மூலைக்குப் போய் அந்தக் குமிழைத் தொட்டுப் பார்த்துத்தான், தான் நிற்கிற இடத்தைத் தெரிந்துகொள்ளுமாம். நான் வைத்த சந்தனம் குறுக்கே நிற்க, அது குமிழைத் தொட்டுவிட்டதாக நினைத்து முன்னாலேயே நின்றிருக்கிறது. ஒரு வாரம் கனம் கூடும், ஒரு வாரம் காய்ந்து உதிரும், அதற்கேற்ப துளையும் இடம் மாறும். அவன் திட்டுவான் என்று நின்றேன், அவனோ தரையில் உருண்டு சிரித்தான். இராமலட்சுமியும் வந்து சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று இந்த வீட்டில் சிரித்து.

குமிழைத் துடைத்துவிட்டு, ஹாஜா முகைதீன் பாய் உருக்கித் தந்த கடைசிக் கட்டியை வைத்தான். கரண்டு நடுவில் போயும் வந்தது, போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் இரண்டு துளையும் உள்ளே கைகுலுக்கிக்கொண்டன. முழங்கையை மாட்டி, தண்ணீர் ஊற்றி, சாவியைத் திருகினான். ஐப்பசி முடிவதற்குள் உங்கள் கார் டீக்கடை வரை ஓடிவிட்டது மச்சான், ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூக்கையாவை முன் சீட்டில் ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினோம்.

பாஸ்போர்ட்டை உறையிலிருந்து எடுத்து உங்கள் தங்கையிடம் கொடுத்துவிட்டேன், அவள் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். எனக்கு அவனை அனுப்ப மனமே இல்லை. ஊர் சிரிக்கிறதே என்ற பயத்தில் எழுதிவிட்டேன், காகிதம் வீணாகக் கூடாதென்று கிழிக்கவில்லை. இதைத் தபாலில் போடவும் இல்லை, உங்கள் காரை ஓட்டிக்கொண்டு வருகிற மருதுபாண்டியிடமே கொடுத்தனுப்புகிறேன். காரின் நெற்றியில் சந்தனம் பார்ப்பீர்கள். "காருக்கு எம்புட்டு வேணும்னாலும் வைங்க, மிசின் ரூம் பக்கம் மட்டும் வராதீக" என்று அனுமதி கொடுத்திருக்கிறான்.

அவனைத் திருப்பி அனுப்பும்போது, தங்கைக்குச் செய்ததாக இருக்கட்டும், குளியலறைக்கு மறுபடியும் சிமெண்ட் அனுப்பி வையுங்கள். நேரே இராமலட்சுமி கையில் ஒப்படைக்கச் சொல்லவும். அவன் இப்போதே இரண்டாவது மிஷினுக்கு இடம் அளந்துகொண்டிருக்கிறான்.