சமையலறையில் ஒரு கணக்கு வகுப்பு

என் மனைவி வித்யாலக்ஷ்மி பி.எட். படிக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லும் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது.

எங்கள் பெண் மதுவந்திக்கு வேலை கிடைத்துப் புனே போன மறுவாரம், லேக் கார்டன்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு காகிதம் கிடந்தது. பி.எட். அட்மிஷன் கடிதம். எங்கள் வீட்டில் ஆலோசனை என்பது முடிவு எடுத்த பிறகு நடக்கிற சடங்கு.

"ஏன்னா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"தாராளமா கேளு."

"திங்கக்கிழமையிலேர்ந்து சால்ட் லேக்ல காலேஜ். எத்தனை மணி பஸ்ஸைப் பிடிச்சா சரியா இருக்கும்?"

இதுதான் அவள் என்னிடம் கேட்ட அனுமதி.

"எதுக்கு இந்த வயசுல காலேஜ்?"

"ரெண்டே வருஷம். அப்புறம் ஹைஸ்கூல் மேத்ஸ் டீச்சர். என்னோட பி.எஸ்ஸி. ஃபர்ஸ்ட் கிளாஸ் இருபத்து நாலு வருஷமா பரண்ல தூங்கறது. அதை எழுப்பப் போறேன்."

"பேஷ்! பெண்கள் படிப்பு விஷயத்துல நான் எப்பவுமே..." என்று கம்பீரமாக ஆரம்பித்து, "அப்போ கார்த்தால டிஃபன்?" என்று முடித்தேன்.

அவள் சிரித்தாள்.

என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் சீனியர் அக்கவுண்ட்ஸ் ஆபீஸர். ஏழரை மணிக்குச் சுடச்சுட டிஃபன் தட்டில் விழாவிட்டால் அன்றைக்கு என்னால் எந்த ஃபைலிலும் நியாயமாகக் கையெழுத்துப் போட முடியாது. மற்றபடி, காஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினால் எரியும் என்றுகூடத் தெரியாத மாசுமருவற்ற மனிதன். அவள் ஏழு மணி பஸ்ஸில் போய்விட்டால் நான் கெட்டேன்.

பக்கத்து வீட்டு சந்தீப்தாவிடம் ஓடினேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர்தான். வங்காள மொழியில் 'தா' என்றால் அண்ணன்; இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன். மனைவியை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று, தன் மனைவியின் புடவைகளை பால்கனியில் உலர்த்திக்கொண்டே எனக்கு விளக்கினார்.

"எதிர்த்தால் பிடிவாதமாகப் படித்துவிடுவாள், வெங்கட்தா. கூட இருந்து உதவி செய்யுங்கள். நீங்கள் உதவி செய்தால் எந்தக் காரியம்தான் உருப்படும்?"

அபாரமான யோசனை! அன்று மாலையே அமலுக்குக் கொண்டுவந்தேன்.

"வித்யா, நீ பள்ளிக்கூடத்துல போய்ப் பாடம் எடுக்கறதுக்கு முன்னால பழகிக்க ஒரு ஸ்டூடண்ட் வேணுமோல்லியோ? நான் இருக்கேன்."

"நெஜமாவா சொல்றேள்?"

"உனக்காக இதுகூடப் பண்ண மாட்டேனா?"

திட்டம் இதுதான். நான் உலகமகா மக்காக நடிப்பேன். ஒரே மாதத்தில் அவள் சாக்பீஸை என் மூஞ்சியில் எறிந்துவிட்டு, ஆசிரியத் தொழிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள்.

முதல் வகுப்பு தொடங்கியது.

"அரையும் காலும் கூட்டினா எவ்வளவு?"

நெற்றியைச் சுருக்கினேன். விரல்களை எண்ணினேன். "ஆறுல ரெண்டு."

"எப்படி?"

"மேல இருக்கறதை மேலயும், கீழ இருக்கறதைக் கீழயும் கூட்டினேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "பரவால்லை, நன்னா முயற்சி பண்ணேள்" என்று என் தலையைத் தடவிவிட்டு, ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரம் தொடர்ந்து ஆறில் இரண்டே சொன்னேன். அவளும் தினமும் எழுதிக்கொண்டாள். பிறகு ஒருநாள் காலை என் முன்னால் ஒரு பூசணிக்காயையும் கத்தியையும் வைத்தாள்.

"உங்களுக்கு எழுதிப் போட்டா ஏறாது. கையால செஞ்சு பாத்தாத்தான் ஏறும். ஆக்டிவிட்டி மெதட்னு பேரு. இதைப் பாதியா நறுக்குங்கோ."

நறுக்கினேன்.

"இப்ப பாதியில பாதி. அதுலயும் பாதி. இன்னும் பாதி..."

"எதுவரைக்கும்?"

"அறுபத்து நாலுல ஒரு பங்கு வரைக்கும். பொடியா இருந்தாத்தான் கூட்டுக்கு... கணக்குக்கு நன்னா இருக்கும்."

மக்காக நடிப்பவன் மறுத்துப் பேச முடியாது. மறுவாரம் விகிதம் நடந்தது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அளந்தேன், ஊறவைத்தேன், அரைத்தேன். அதற்கடுத்து நேரமும் வேலையும்.

"ஒரு ஆள் பத்துப் பாத்திரத்தை இருபது நிமிஷத்துல தேய்ச்சா, ரெண்டு ஆள் எத்தனை நிமிஷத்துல தேய்ப்பா?"

"அந்த ரெண்டாவது ஆள் யாரு?"

"அதான் எக்ஸ். அதைக் கடைசியில கண்டுபிடிக்கலாம். முதல் ஆள் தேய்க்க ஆரம்பிக்கட்டும்."

எக்ஸை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

துர்கா பூஜை நெருங்கியபோது எனக்கு உண்மை உறைத்தது. ஏழரை மணி டிஃபன் ஒருநாளும் தவறவில்லை, பண்ணுகிற ஆள்தான் மாறியிருந்தான். உடனே நடிப்புக்கு முற்றுப்புள்ளி வைக்கத் தீர்மானித்தேன்.

"வித்யா! முக்கால்! அரையும் காலும் முக்கால்! எல்லாம் புரிஞ்சுடுத்து! இனிமே எனக்கு வகுப்பே வேண்டாம்!"

"ஆஹா! எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்போ நாளையிலேர்ந்து டெஸ்ட். நான் பக்கத்துலயே நிக்க மாட்டேன். மொத்த சமையலையும் நீங்களே தனியா பண்ணணும்."

டெஸ்ட் ஒன்றே முக்கால் வருஷம் நடந்தது.

கடைசியில் அவள் கல்லூரியிலேயே முதலாவதாகத் தேறினாள். நியூ டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலையும் கிடைத்தது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற அழகைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்கூடக் கலங்கியது. நல்ல வேளை, நான் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பரீட்சையில் ஒப்படைத்த ரெக்கார்டு நோட்டும் அன்றுதான் திரும்பி வந்தது. கணக்கில் பின்தங்கிய மாணவர் ஒருவரைக் கவனித்து, அவரைப் பற்றி விரிவாக எழுதித் தரவேண்டுமாம். பி.எட். விதி.

"யாரைப் பத்தி எழுதினே?"

"படிச்சுப் பாருங்கோ. பேரைப் போடலை. போடக் கூடாதுன்னு ரூல்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் இன்னும் கேவலமாக இருந்தது.

'மாணவர்: வெ. வயது: ஐம்பத்திரண்டு. முதல் நாள் கவனிப்பு: மாணவருக்குப் பின்னக் கணக்கு நன்றாகத் தெரியும். தெரியாததுபோல் நடிக்கிறார். காரணம்: டிஃபன். ஆசிரியர் முடிவு: நடிப்பைக் கலைக்க வேண்டாம். இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.'

"முதல் நாளே தெரியுமா?"

"கம்பெனி பாலன்ஸ் ஷீட்டைப் பாக்கற மனுஷனுக்கு அரையும் காலும் கூட்டத் தெரியலைன்னா, ஒண்ணு அவர் நடிக்கணும், இல்லேன்னா கம்பெனி மூழ்கியிருக்கணும். உங்க கம்பெனி நன்னாத்தானே இருக்கு?"

நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கம்: 'முன்னேற்றம்: மாணவர் இப்போது சாம்பார், கூட்டு, மூன்று வகைச் சட்னி தனியாகச் செய்கிறார். எதிர்த்துப் பேசுவது அடியோடு நின்றுவிட்டது.' கீழே பரீட்சை அதிகாரி சிவப்பு மையில் 'மிக மிக நன்று' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

"போகட்டும். உனக்குத்தான் வேலை கிடைச்சாச்சே. இனிமே எனக்கு விடுதலைதானே?"

"அதெப்படி? பத்தாம் கிளாஸ் குடுத்திருக்கா. டிரிகனாமெட்ரி எடுத்து ரொம்ப நாளாச்சு, பழகிக்கணும்."

சொல்லிவிட்டு ஒரு புது நோட்டை என் கையில் கொடுத்தாள். முதல் பக்கத்தில் பாடத்திட்டம் தயாராக இருந்தது:

'பாடம்: உயரங்களும் தூரங்களும். தேவையான பொருட்கள்: ஏணி ஒன்று, ஒட்டடைக் கம்பு ஒன்று, மாணவர் ஒருவர்.'